யாழ்ப்பாணத்துக் கல்லை வைத்தே படிக்கலாம்: பொருள்களின் இயல்புகளும் பாறைகள் வானிலையாலழிதலும்

பாடசாலையில் பொருள்களின் இயல்புகள் ஒரு அலகு, பாறைகள் வானிலையாலழிதல், அதாவது பாறை இருந்த இடத்திலேயே உடைவது அல்லது மாறுவது, வேறொரு அலகு. இரண்டுக்கும் நடுவில் சிலவேளை ஒரு தவணையே ஓடிவிடும், அதனால் பிள்ளைகள் முதலாவதை ஒரு பட்டியலாகவும் இரண்டாவதை இன்னொரு பட்டியலாகவும் பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போகிறார்கள். இரண்டும் ஒரே விஷயம்தான். ஒரு கல் எவ்வளவு வன்மையானது, தண்ணீரை உறிஞ்சுமா, அமிலம் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கல் வெயிலிலும் மழையிலும் எப்படி அழியும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

அடுத்த சிக்கல் உதாரணங்கள். பாறை வெடிப்புக்குள் நீர் உறைந்து பனிக்கட்டியாகிப் பாறையைப் பிளக்கும் என்று எல்லாரும் முதல் வரியில் எழுதுவார்கள். உண்மைதான், நீர் உறையும்போது கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடும், குளிர் நாடுகளில் அது பெரிய வேலை செய்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் நீர் உறைவது குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும்தான். மலை இல்லை, வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை, மாரியில் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் இங்கே பாறை அழிவதே இல்லையா என்றால், இலங்கையிலேயே பாறை கரைந்துபோவதை மிக வசதியாகப் பார்க்கக்கூடிய இடம் யாழ்ப்பாணம்தான். பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே நடப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டியில் வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்து இரண்டு அலகுகளையும் ஒன்றாகச் செய்து முடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். செயற்றிட்டமாக ஒப்படைக்கவும் போதும், வெறுமனே விளங்கிக்கொள்ளவும் போதும்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது

இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளால் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிய பாறைகள்) ஆனது, 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. குடாநாட்டின் கதை வேறு. மயோசீன் என்று சொல்லப்படும் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்தது. சிப்பி, முருகை, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்களின் ஓடுகள் எல்லாம் அடியில் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. அதனால் எங்கள் வளவில் கிணறு வெட்டும்போது வரும் வெள்ளைக்கல் ஒரு அடையற்பாறை, அதன் முக்கிய பொருள் கல்சியம் காபனேற்று. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை இயங்கியதும் இந்தக் கல்லை நம்பித்தான். சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல்லும் களியும் வேண்டும், கல் இங்கேயே கிடைத்தது, களி முருங்கனிலிருந்து வந்தது.

வீதிக்குப் போடும் கருங்கல் சல்லியும் அம்மியும் ஆட்டுக்கல்லும் இந்த மண்ணின் கல் அல்ல, வெளியிலிருந்து வந்தவை. வன்னிப் பக்கமிருந்து லொறியில் வரும் கல்லை நாங்கள் பொதுவாகக் கருங்கல் என்றுவிடுகிறோம், ஆனால் அதில் பெரும்பகுதி நைஸ் வகையைச் சேர்ந்த உருமாறிய பாறை. துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், வெளிர், கருமை என்று பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது நைஸ். இந்தப் பட்டைகளைக் கவனிக்காமல் எல்லாக் கருங்கல்லையும் தீப்பாறை (உருகிய குழம்பு இறுகி உண்டான பாறை) என்று எழுதிப் புள்ளியை இழக்கும் பிள்ளைகள் நிறைய.

மாதிரிகளைச் சேர்த்தல்

ஐந்து மாதிரி போதும். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஒன்று, இடிந்த பழைய மதிலிலிருந்து விழுந்த முருகைக்கல் ஒன்று, கருங்கல் சல்லி ஒன்று, செங்கல் ஒன்று, சீமெந்துச் சாந்துத் துண்டு ஒன்று. கடைசி இரண்டும் பாறை இல்லை என்று தெரியும். மனிதன் செய்த பொருளும் அதே விதிகளுக்குத்தான் கட்டுப்படுகிறது என்று காட்ட அவை தேவை. முடிந்தால் வன்னி வீதிகளில் பரப்பும் சிவந்த கிறவல் கல்லிலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

எங்கே எடுப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கடலில் இறங்கி முருகைக்கல் உடைக்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம், தேவையும் இல்லை, பழைய கட்டட இடிபாடுகளில் தாராளமாகக் கிடக்கிறது. கோட்டையிலும் பழைய கோயில்களிலும் ஒரு துண்டுகூடப் பெயர்க்காதீர்கள், சுரண்டவும் வேண்டாம். கல் எடுத்த பழைய குழிகளில் தண்ணீர் நிற்கும், ஓரம் சரியும், அங்கே பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். அப்புறம் இது எங்கள் ஊருக்கே உரிய எச்சரிக்கை: மிதிவெடிப் பலகை இருக்கும் இடத்துக்கும் நீண்ட காலம் பாவிக்காமல் பற்றை மூடிக் கிடக்கும் காணிக்கும் கல் பொறுக்கப் போகக்கூடாது, என்னவென்று தெரியாத இரும்புத் துண்டு கிடந்தால் தொடவும் கூடாது. வீட்டு வளவு, கிணற்றடி, புதுக் கட்டடம் நடக்கும் இடம், இவை போதும்.

ஒவ்வொரு மாதிரியையும் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஒரு இலக்கம் எழுதி ஒட்டுங்கள். எடுத்த இடத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இயல்புகளைச் சோதித்தல்: வன்மை

வன்மை என்றால் கீறலைத் தாங்கும் திறன். உடையாமல் இருப்பது வேறு, கீறல் விழாமல் இருப்பது வேறு. கண்ணாடி வன்மையானது, ஆனால் நிலத்தில் விழுந்தால் நொறுங்கும். பிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனியவியலாளர் 1812இல் தந்த அளவுத்திட்டத்தில் 1 முதல் 10 வரை இருக்கிறது. 1 டால்க், 2 ஜிப்சம், 3 கல்சைற்று, 4 புளோரைற்று, 5 அபற்றைற்று, 6 பெல்ஸ்பார், 7 குவாட்ஸ், 8 டோபாஸ், 9 குருந்தம், 10 வைரம். இதில் சிலதை இலங்கைப் பெயர்களோடு நினைவில் வைத்தால் மறக்காது. எப்பாவலவில் பசளைக்கு எடுப்பது அபற்றைற்று, இரத்தினபுரியின் நீலக்கல் குருந்த வகை. இந்த எண்கள் வரிசையை மட்டும்தான் காட்டுகின்றன. வைரம் குருந்தத்தைவிட ஒரு படி மேலே என்றாலும் உண்மையில் பல மடங்கு வன்மையானது.

வீட்டில் சோதிக்க நகம் (ஏறத்தாழ 2.5), செப்புக் கம்பி (ஏறத்தாழ 3), உருக்கு ஆணி அல்லது கண்ணாடித் துண்டு (ஏறத்தாழ 5.5) போதும். புதிதாக உடைந்த முகத்தில் கீறுங்கள். கோடு விழுந்தால் விரலை நனைத்துத் துடைத்துப் பாருங்கள், ஏனென்றால் மென்மையான செப்பு வன்மையான கல்லில் தேய்ந்து தன் பொடியையே கோடாக விட்டுவிடும், அது கல்லில் விழுந்த கீறல் அல்ல. சுண்ணாம்புக்கல்லை ஆணி எளிதாகக் கீறும். கருங்கல்லில் உள்ள குவாட்ஸ் மணியை ஆணியால் ஒன்றும் செய்ய முடியாது, மாறாக அந்த மணி கண்ணாடியைக் கீறிவிடும்.

அம்மியை ஏன் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் செய்யவில்லை என்று பிள்ளையிடம் கேளுங்கள். மிளகாய் அரைக்க அரைக்கக் கல்லும் சேர்ந்து அரைபடும் என்பது முதல் விடை. புளியும் தேசிக்காயும் பட்டால் கல் கரையும் என்பது இரண்டாவது விடை. முதல் விடை பௌதிக இயல்பு, இரண்டாவது இரசாயன இயல்பு. இந்தக் கேள்வி ஒன்றே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும்.

இயல்புகளைச் சோதித்தல்: அமிலம்

கடையில் வாங்கும் வினாகிரி போதும். பற்றறி அமிலத்தைத் தொடவே வேண்டாம், பாடசாலை ஆய்வுகூடத்து ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம் என்றால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துளி விட்டுக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் நுரைக்கும், மெல்லிய இரைச்சலும் கேட்கும். வெளியேறும் வாயு காபனீரொட்சைட்டு. அதை உறுதிப்படுத்த சுண்ணாம்பு நீர் வேண்டும், வெற்றிலைச் சுண்ணாம்பில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு இரவு அடையவிட்டு மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வடித்தால் அதுவே சுண்ணாம்பு நீர். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும். கல்லும் வினாகிரியும் உள்ள போத்தலின் வாயிலிருந்து ஒரு குழாயைச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் அது பால் நிறமாகும்.

இங்கே பிள்ளைகளைக் குழப்பும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சீமெந்துச் சாந்தும் நுரைக்கும், காரணம் அதிலுள்ள சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து மறுபடி கல்சியம் காபனேற்றாக மாறியிருக்கும், மணலில் சிப்பித் தூள் கலந்திருந்தால் இன்னும் கூட நுரைக்கும். கருங்கல் நுரைத்தால் பதற வேண்டாம், அதில் பழைய சாந்து ஒட்டியிருக்கும், வேறு முகத்தில் பாருங்கள். கடற்கரை மணல் ஒரு சிட்டிகை எடுத்தும் இதையே செய்யலாம். நுரைக்கும் பங்கு சிப்பியும் முருகையும், அசையாமல் மிஞ்சும் பளபளப்பான மணிகளில் பெரும்பாலானவை குவாட்ஸ். காரைநகர்க் கசூரினா மணலையும் மணற்காட்டு மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அதுவே தனிச் செயற்றிட்டம்.

இயல்புகளைச் சோதித்தல்: நீர் உறிஞ்சலும் அடர்த்தியும்

காய்ந்த கல்லை நிறுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, எடுத்து, ஈரத் துணியால் மேற்பரப்பை மட்டும் ஒற்றிவிட்டு மறுபடி நிறுங்கள். காய்ந்த திணிவு 182 கிராம், ஊறிய திணிவு 196 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உறிஞ்சிய நீர் 14 கிராம், அதாவது 14ஐ 182ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 7.7 வீதம். கருங்கல்லில் இது ஒரு வீதத்துக்கும் குறைவாகவே வரும், வீட்டுத் தராசு அந்த வித்தியாசத்தைக் காட்டாமலும் விடலாம். முருகைக்கல்லிலும் செங்கல்லிலும் தாராளமாக வரும்.

அடர்த்திக்கு அளவு கோடிட்ட சாடியில் கல்லை அமிழ்த்தி நீர் மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்க வேண்டும். காய்ந்த முருகைக்கல்லை நேரே அமிழ்த்தினால் அது நீரை உறிஞ்சிக்கொண்டே போகும், மட்டம் நிற்காது, கனவளவு பிழைத்துவிடும். அதனால் முதலில் ஊறவைத்த கல்லை அமிழ்த்துங்கள், திணிவுக்குக் காய்ந்த அளவைப் போடுங்கள். மேலே சொன்ன கல் 80 மில்லிலீற்றர் நீரை உயர்த்தினால் அடர்த்தி 182ஐ 80ஆல் வகுக்க 2.3 வரும், அலகு கன சென்ரிமீற்றருக்குக் கிராம். சுண்ணாம்புக்கல்லின் முக்கிய கனியமான கல்சைற்று தூயதாக இருந்தால் அதன் அடர்த்தி 2.71. அந்த 2.71க்கும் உங்கள் 2.3க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் கல்லுக்குள் இருக்கும் வெற்றிடம். நிலத்தடி நீர் தங்குவதும் அந்த வெற்றிடங்களிலும் வெடிப்புகளிலும்தான்.

இப்போது எதிர்வுகூறுங்கள்

அழிக்கும் சோதனைக்குப் போவதற்கு முன்னர் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: இது எதனால் அழியும், ஏன்? வன்மை குறைவு, அமிலத்துக்கு நுரைக்கும், நீரை உறிஞ்சும் என்றால் மூன்று பக்கத்தாலும் ஆபத்து. வன்மையானது, நுரைக்காது, உறிஞ்சாது என்றால் நீண்ட காலம் நிற்கும். பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் எதிர்வுகூறல் இல்லாமல் செய்யும் பரிசோதனை வெறும் வேடிக்கை பார்ப்பதுதான்.

கரைத்துப் பார்த்தல்

மழைநீர் தூய நீர் இல்லை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்து மென்மையான காபோனிக்கமிலமாக இருக்கும், மாசில்லாத மழையின் பி.எச். பெறுமானமும் (7க்குக் கீழே என்றால் அமிலம்) ஏறத்தாழ 5.6தான். மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து அமிலத்தன்மை இன்னும் கூடுகிறது. இந்த நீர் சுண்ணாம்புக்கல்லைச் சந்திக்கும்போது நடப்பது:

கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு → கல்சியம் ஐதரசன்காபனேற்று

முன்னது நீரில் கரைவது மிகக் குறைவு, பின்னது கரையும். கல் இருந்த இடத்தில் வெற்றிடம் விழும். அந்த வெற்றிடங்கள் பெருத்து வெடிப்பாகி, வெடிப்பு குகையாகி, மேற்கூரை இடிந்தால் குழியாகும். புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படி இயற்கையாக உண்டானது, யாரும் வெட்டியதல்ல, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருப்பதற்குக் காரணமும் கல்லுக்குள் ஓடும் இந்த வழிகள் கடலோடு தொடுப்பதுதான். கடற்கரை ஓரத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் இதே சுண்ணாம்புக்கல்லின் வேலை.

மழைநீரை வைத்து இதைக் காட்ட ஆயுள் போதாது, அதனால் வினாகிரியை வைத்து வேகப்படுத்துகிறோம். ஒரே திணிவுள்ள இரண்டு சுண்ணாம்புக்கல் துண்டுகள் எடுங்கள், 15 கிராம் அளவில் இருக்கட்டும். ஒன்றை முழுதாக விடுங்கள், மற்றதைத் துணியில் சுற்றி உடையுங்கள் (கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு). மூன்றாவது கிண்ணத்தில் கருங்கல், நான்காவதில் சுண்ணாம்புக்கல்லும் வெறும் தண்ணீரும். முதல் மூன்றிலும் 100 மில்லிலீற்றர் வினாகிரி. ஒரு நாளுக்குப் பின்னர் கழுவிக் காயவைத்து நிறுங்கள்.

பெரிய மாற்றத்தை எதிர்பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. வினாகிரியில் அசற்றிக்கமிலம் 4 வீதம் என்றால் 100 மில்லிலீற்றரில் 4 கிராம் இருக்கும், அதனால் கரைக்கக்கூடிய கல்சியம் காபனேற்று அதிகபட்சம் 3.3 கிராம்தான். ஆகவே அரைக் கிலோக் கல்லைப் போட்டுவிட்டு ஒன்றும் குறையவில்லை என்று சொல்லக்கூடாது, சின்னக் கல்லும் ஒரு கிராமுக்குக் கீழும் காட்டும் தராசும் வேண்டும், அல்லது வினாகிரியை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும்.

உடைத்த கல் வேகமாக நுரைக்கும். காரணம் மேற்பரப்பு. பக்கம் 4 சென்ரிமீற்றர் உள்ள ஒரு கனவுருவின் மேற்பரப்பு 96 சதுர சென்ரிமீற்றர். அதையே 1 சென்ரிமீற்றர் கனவுருக்களாக வெட்டினால் 64 துண்டு, மொத்த மேற்பரப்பு 384. நான்கு மடங்கு. பௌதிகமாக உடைவது இரசாயனமாகக் கரைவதற்கு வழி திறந்து கொடுக்கிறது, இந்த ஒரு வசனத்தைப் பரீட்சையில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சேறு மிஞ்சும், அதை ஊற்றிவிடாமல் வடிதாளில் வடித்துக் காயவையுங்கள். கல்லில் இருந்த, அமிலத்தில் கரையாத களியும் மணலும் இரும்புச் சேர்வைகளும் அவை. சுண்ணாம்புக்கல் கரையக் கரைய இந்த மிச்சம் சேர்ந்துகொண்டே போவது உலகின் பல சுண்ணாம்பு நிலங்களில் சிவந்த மண் உண்டாகும் ஒரு வழி. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதும் இரும்பு ஒட்சைட்டுத்தான்.

கரைந்துபோன கல் எங்கே போகிறது? கிணற்றுக்குள். எங்கள் தண்ணீர் வன்னீராக இருப்பதும் சவர்க்காரம் சரியாக நுரைக்காததும் அதனால்தான். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் மேலே சொன்ன தாக்கம் அப்படியே பின்னோக்கி நடக்கும், காபனீரொட்சைட்டு வெளியேறிக் கல்சியம் காபனேற்று கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். நிலத்துக்குக் கீழே கரைந்த கல் சமையலறையில் மறுபடி கல்லாகிறது. அதைச் சுரண்டி ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும், செய்து பாருங்கள்.

உப்பால் உடைத்தல்

குளிர் நாடுகளில் பனிக்கட்டி செய்யும் வேலையை எங்கள் கடலோர ஊர்களில் உப்பு செய்கிறது. உவர்நீர் கல்லின் துளைகளுக்குள் ஏறும், வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு பளிங்காகி வளர்ந்து துளையின் சுவரைத் தள்ளும். அடுத்த முறை நனைந்து காயும்போது மறுபடி தள்ளும். இது பௌதிக வானிலையாலழிதல், ஏனென்றால் கல்லின் பொருள் மாறவில்லை, துகளாக உதிர்கிறது, அவ்வளவுதான்.

100 மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்புக் கரையும். ஆனையிறவுக் கல்லுப்பை இனிக் கரையாது என்னும்வரை கரைத்து, முருகைக்கல், செங்கல், கருங்கல் மூன்றையும் இரவில் அதற்குள் ஊறவிடுங்கள், பகலில் தனித்தனித் தட்டில் வெயிலில் வையுங்கள். இன்னொரு தொகுதியை நல்ல தண்ணீரில் இதே மாதிரிச் செய்யுங்கள், அது கட்டுப்பாடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. இரண்டு கிழமையாவது தொடர வேண்டும். தட்டில் உதிரும் தூளைச் சேர்த்து, கழுவி உப்பை நீக்கி, காயவைத்து நிறுங்கள். கழுவாமல் நிறுத்தால் உப்பைத்தான் நிறுப்பீர்கள். நீரை நன்றாக உறிஞ்சிய கல்தான் கூடுதலாக உதிரும், எதிர்வுகூறலைத் திரும்பிப் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை இதைத் தொடங்காதீர்கள், காயவே காயாது.

துருவும் வேரும் வெயிலும்

நான்கு போத்தலில் ஆணி போடும் பரிசோதனையை எல்லாரும் செய்திருப்பார்கள்: உலர்ந்த காற்று, கொதித்தாறிய நீரும் மேலே எண்ணெயும், கிணற்று நீர், உப்பு நீர். உப்பு நீரில்தான் வேகமாகத் துருப்பிடிக்கும். பாறையில் இருக்கும் இரும்பும் இப்படி ஒட்சிசனோடு சேர்ந்துதான் சிவக்கிறது, கிறவல் கல்லின் நிறமும் அதுதான். கடற்கரைப் பக்கத்துப் பழைய கொங்கிறீற்றுத் தூணில் நீளவாக்கில் வெடிப்பு விழுந்து உள்ளே கம்பி தெரிவதைக் கண்டிருப்பீர்கள். துருவின் கனவளவு இரும்பின் கனவளவைவிடப் பெரியது, அதனால் கம்பி உள்ளிருந்து சீமெந்தைத் தள்ளி உடைக்கிறது. இரசாயன மாற்றம் பௌதிக உடைவைக் கொண்டுவரும் உதாரணம் இது, மேலே கண்டதற்கு நேர் எதிர்த்திசை. உவர்நீரில் கொங்கிறீற்றுக் குழைக்கக்கூடாது என்று மேசன்மார் சொல்வதும் இதனால்தான்.

வேருக்குப் பரிசோதனை தேவையில்லை. மதில் வெடிப்பில் காகம் எச்சமிட்ட அரசு முளைத்திருக்கும், அடிக்குறிப்போடு ஒரு படம் எடுத்து மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளவுகோல் வைத்து மறுபடி எடுங்கள். வேர் வெடிப்பை அகட்டுவது பௌதிகம், வேர் விடும் அமிலம் கல்லைக் கரைப்பது இரசாயனம், உயிரியல் வானிலையாலழிதல் என்ற தலைப்பில் இரண்டையும் எழுதலாம்.

வெயில் பற்றி ஒரு கருத்து வேறுபாடு எனக்கு உண்டு. பகலில் விரிந்து இரவில் சுருங்கிப் பாறை உரியும் என்பதைப் பாலைவனத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். கடல் சூழ்ந்த குடாநாட்டில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை, இங்கே அதை முதற்காரணமாக எழுத வேண்டாம். கல்லை அடுப்பில் சுட்டுத் தண்ணீரில் போட்டுக் காட்டும் விளையாட்டையும் விடுங்கள், ஈரக்கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

கருங்கல்லும் அழியாதது அல்ல. அதிலுள்ள பெல்ஸ்பார் நீரோடு தாக்கமுற்று மெல்ல மெல்லக் களியாகிறது, பொரலஸ்கமுவவில் எடுக்கும் வெண்களி அப்படி வந்ததுதான். குவாட்ஸ் மட்டும் அசையாமல் நின்று கடைசியில் மணலாக மிஞ்சும். வேகம்தான் வித்தியாசம்.

வெளியே போய்ப் பார்த்தல்

ஒரு சனிக்கிழமை போதும். யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாக்கிய கோட்டை, சுவரில் முருகைக்கல் நிறைய உண்டு. கடல்நீரேரியைப் பார்த்த பக்கத்தையும் உட்பக்கத்தையும் ஒப்பிடுங்கள், தரையோடு ஒட்டிய வரிசைகளையும் மேல் வரிசைகளையும் ஒப்பிடுங்கள், எங்கே கூடக் குழி விழுந்திருக்கிறது, எங்கே பாசியும் செடியும் பிடித்திருக்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். தொடாமல் பார்க்க வேண்டும். போரில் விழுந்த சேதத்தை வானிலை செய்தது என்று எழுதிவிடாதீர்கள். சன்னம் பட்ட குழி தனியாக, கூர்மையான விளிம்போடு இருக்கும், உப்பு தின்ற குழிகள் கூட்டமாக, விளிம்பு மழுங்கி இருக்கும்.

கீரிமலைக் கடற்கரைச் சுண்ணாம்புப் பாறை இன்னும் நல்ல பாடம், அலைமட்டத்தில் பாறை உள்வாங்கி மேலே விளிம்பாக நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களைத் தேடுங்கள். நெடுந்தீவுக்குப் போக வசதி இருந்தால் குறிகட்டுவானில் படகேறிப் போய் முருகைக்கல் வேலிகளைப் பாருங்கள், சாந்து இல்லாமல் அடுக்கியவை என்பதால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எப்படி மழுங்கியிருக்கிறது என்று தெரியும்.

எழுதும்போது

வானிலையாலழிதல் என்பது கல் இருந்த இடத்திலேயே உடைவது அல்லது மாறுவது. உடைந்ததைக் காற்றோ நீரோ அலையோ தேய்த்து அள்ளிக்கொண்டு போவது அரிப்பு. இரண்டையும் கலந்து எழுதுவதுதான் விடைத்தாள்களில் அதிகம் வரும் பிழை. மணற்காட்டில் காற்று மணலைக் குவிப்பது கடத்தலும் படிதலும், அதை வானிலையாலழிதலுக்கு உதாரணமாகப் போடாதீர்கள்.

அறிக்கையில் ஒரு அட்டவணை போதும்: இடப்பக்கம் கல், அடுத்து வன்மை, அமிலம், நீர் உறிஞ்சல், அடர்த்தி, அதற்கடுத்து உங்கள் எதிர்வுகூறல், கடைசியில் வினாகிரியிலும் உப்பிலும் இழந்த திணிவின் வீதம். எதிர்வுகூறல் பிழைத்திருந்தால் அழித்துவிடாமல் அப்படியே வைத்து, ஏன் பிழைத்தது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள், மேற்பார்வை செய்யும் ஆசிரியர் முதலில் பார்ப்பது அந்த இரண்டு வரியைத்தான். ஒப்படைக்கும் திகதிக்கு மூன்று கிழமை முன்னதாகவே உப்புச் சோதனையைத் தொடங்கிவிடுங்கள், மற்றவை எல்லாம் அது காயும் நாட்களுக்குள் முடிந்துவிடும்.